நலம் நாடி ஏறிய மலை

உடல் நலம் குன்றியவர் ஊர் மாறிச் சென்று நலம் பெற்றுத் திரும்புவது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்குச் சென்று அருவியில் தலையைக் கொடுத்து நின்றவர்கள் இதனை நன்கறிவர். உடலின் சோர்வும் உள்ளத்தின் பாரமும் அருவி நீரோடு போய்விட்டன என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கிலாந்து நாட்டிலும் இதே நம்பிக்கையின்மேல் சில ஊர்கள் எழுந்தன. அவற்றுள் தலைசிறந்தது பாத் என்னும் நகரம். நீராடல் என்னும் சொல்லே அவ்வூருக்குப் பெயராக அமைந்துவிட்டது.

அந்நகரின் நடுவே நிலத்தினின்று இயற்கையாகவே வெந்நீர் பொங்குகிறது. அதன் வெப்பம் சுமார் 46 டிகிரி செல்சியஸ். நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர் வெளிவருகிறது. நெடுங்காலத்துக்கு முன் அண்மைக் குன்றுகளில் பெய்த மழை, பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்தில் இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, மீண்டும் மேலே வருகிறது என்பது அறிஞர் கூறும் விளக்கம். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமானியர் அங்கே நீராட்டு மண்டபமும் கோயிலும் எழுப்பினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வூர் மீண்டும் புகழ் பெற்றது. மூட்டு நோய்க்கும் தோல் நோய்க்கும் மருந்து தேடி வந்த செல்வர்கள் அங்கே வெந்நீரில் ஆடினர்; அந்நீரையே கோப்பைகளில் பருகினர்; மாலையில் இசை கேட்டனர்; நடனமும் சீட்டும் ஆடினர். இன்று உரோமானியரின் பழைய குளத்தைக் கண்ணால் காணலாமேயன்றி அதில் இறங்கி நீராட இயலாது. 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்ற அந்நகரம், 2021-இல் ஐரோப்பாவின் புகழ்பெற்ற நீராட்டு நகரங்கள் பதினொன்றுள் ஒன்றாக மீண்டும் அச்சிறப்பைப் பெற்றது.

அங்கே நலம் தந்தது நீரா, ஓய்வா என்று கேட்கத் தோன்றுகிறது அன்றோ? இக்கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து நம் பெங்களூருக்கு வருவோம்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்தில் நிறுத்தினர். காவிரி சூழ்ந்த அத்தீவில் காய்ச்சல் மிகுந்திருந்தது. சிப்பாய்களும் அதிகாரிகளும் நோயில் விழுந்தனர். ஆகவே 1809-இல் படை, மேட்டு நிலமாகிய பெங்களூருக்கு மாற்றப்பெற்றது. அவ்வாறு எழுந்ததே தண்டுப் பகுதி என்று நாம் வழங்கும் கண்டோன்மெண்ட். சென்னை இராணுவத்தின் பின்னே தமிழ்ச் சிப்பாய்களும், வணிகர்களும், கொத்தர்களும், சமையற்காரர்களும், சலவைத் தொழிலாளரும் வந்து அல்சூர் ஏரியைச் சுற்றியும் அதற்கப்பாலும் குடியேறினர். பெங்களூர்த் தமிழருள் பெரும் பகுதியினரின் வரலாறு, காய்ச்சலுக்கு அஞ்சி இடம் பெயர்ந்த ஒரு படையின் பின்னே தொடங்கியது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

அக்காலத்து மருத்துவர், சேற்று நிலங்களினின்று எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பினர். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். காற்று கெட்டதால் நோய் வந்தது என்றால், நல்ல காற்றை நாடிச் சென்றால் நோய் தீரும் அல்லவா? தம் நாட்டில் வெந்நீர் ஊற்றைத் தேடியவர்கள் இந்நாட்டில் மலைக் காற்றைத் தேடியதற்கு இதுவே காரணம். நீலகிரியில் உதகமண்டலம் எழுந்தது இவ்வெண்ணத்தால். பெங்களூருக்கு அருகே இவ்வெண்ணம் கண்டெடுத்த இடம் நந்திமலை.

பெங்களூருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், சிக்கபள்ளாபூர் மாவட்டத்தில் இருக்கிறது இம்மலை. ஹெப்பாள், எலகங்கா, தேவனஹள்ளி என்று பாதை செல்கிறது. 2008-இல் திறக்கப்பெற்ற விமான நிலையமும், திப்பு சுல்தான் பிறந்த ஊரும் தேவனஹள்ளிப் பக்கத்தில்தான் உள்ளன. அவ்வூரைக் கடந்தால் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் தோன்றும். அவற்றுக்கு நடுவே, படுத்திருக்கும் காளையின் திமில்போல் மலை எழுகிறது. அதன் உயரம் கடல் மட்டத்துக்கு மேல் 4,851 அடி. பெங்களூரோ ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ள ஊர். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் சுமார் இரண்டு டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொது விதி. ஆதலின் நகரத்தைவிட நந்திமலை மூன்றரை டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கிறது. அத்துடன் காற்றும் மேகமும் சேரும்போது வேற்று நாட்டில் நிற்பதுபோன்ற உணர்வு பிறக்கிறது.

மலை ஏறுமுன் அடிவாரத்தில் உள்ள நந்தி என்னும் சிற்றூரில் சிறிது நேரம் தங்கவேண்டும். அங்குள்ள போக நந்தீசுவரர் கோயில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையது. கங்கர், நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார் எனப் பல மரபினர் அதில் கை வைத்திருக்கின்றனர். அருகருகே இரண்டு பெரிய சந்நிதிகள். வடபாலுள்ளவர் போக நந்தீசுவரர். தென்பாலுள்ள பெருமானின் திருப்பெயர் அருணாசலேசுவரர். திருவண்ணாமலைப் பெயரை இங்கே கேட்கும் தமிழருக்கு உள்ளம் குளிராதிருக்குமோ? இக்கோயிலில் உள்ள ஓர் உருவம் இராசேந்திர சோழனுடையது என்று கருதப்படுகிறது. கோலார்ச் சீமை முழுவதிலும் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் பரவிக் கிடக்கின்றன. படிக்கட்டுகள் சூழ்ந்த அழகிய திருக்குளமும் இங்கு உண்டு. கீழே போக நந்தி, மலைமேலே யோக நந்தி என்று பெயரிட்ட முன்னோர், இன்பத்தைத் தரையிலும் துறவை உயரத்திலும் வைத்துக் காட்டினர் போலும்.

மலை உச்சியைச் சுற்றிக் கோட்டைச் சுவர் ஓடுகிறது. சிக்கபள்ளாபூர்ப் பாளையக்காரர் கட்டிய கோட்டையை ஐதரும் திப்புவும் வலிமைப்படுத்தினர். மூன்று பக்கம் செங்குத்தான பாறை. ஏறத்தக்கது ஒரு பக்கமே. ஆதலின் யாராலும் பிடிக்க இயலாத கோட்டை என்று அது பெயர் பெற்றிருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸ் பிரபுவின் படை அதனை முற்றுகையிட்டு, 1791 அக்டோபர் 19 அன்று கைப்பற்றியது. திப்புவின் கோடைகால மாளிகை எனப்படும் கட்டடமும், கைதிகள் உருட்டிவிடப்பட்டதாக மக்கள் கூறும் பாறைச் சரிவும் இன்றும் காணப்படுகின்றன. அச்சரிவின் விளிம்பில் நின்று கீழே நோக்கினால், அக்கதை உண்மையாயினும் ஆகாவிடினும், கால்கள் தாமே பின்னோக்கி நகரும்.

போர் ஓய்ந்தபின் இக்கோட்டை ஓய்விடமாயிற்று. 1834 முதல் 1861 வரை மைசூர்ச் சீமையின் கமிஷனராக இருந்த சர் மார்க் கப்பன், கோடையில் இங்கே தங்க ஒரு மாளிகை அமைத்துக்கொண்டார். அதனைக் கட்டியவர் பிரான்சிஸ் கன்னிங்ஹாம். பெங்களூரில் இவ்விருவர் பெயராலும் ஒரு பூங்காவும் ஒரு சாலையும் வழங்கிவந்ததை நம்மவர் அறிவர். தோட்டங்களும் நடைபாதைகளும் அமைந்தன. பாத் நகரில் இருந்ததுபோன்ற நடன மண்டபமும் சீட்டு மேசையும் இங்கே பெருகவில்லை. அமைதியே இவ்விடத்தின் மருந்தாக இருந்தது.

இனி, கெட்ட காற்று என்ற கொள்கை என்னவாயிற்று என்று பார்ப்போம். 1883-இல் பெங்களூர்ப் படையில் ரொனால்டு ராஸ் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றினார். அவருடைய விடுதி அறையில் கொசுத் தொல்லை மிகுந்திருந்தது. சாளரத்துக்கு அருகே இருந்த தொட்டி நீரில் புழுக்கள் நெளிவதைக் கண்ட அவர், அந்நீரைக் கொட்டச் செய்தார், கொசுக்களும் குறைந்தன. அதே மருத்துவர்தான் 1897-இல் செகந்தராபாத்தில், மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டுபிடித்தார். அதற்காக 1902-இல் நோபல் பரிசும் பெற்றார். காற்று குற்றமற்றது என்பது தெளிவாயிற்று. அங்ஙனமாயின் மலைக்குச் சென்றவர் நலம் பெற்றது பொய்யா? இல்லை. குளிர்ச்சியில் கொசு குறைவு. கூட்டமில்லாத இடத்தில் தொற்று குறைவு. சுனை நீர் கெடாத நீர். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையினின்று விடுதலை. அவர்கள் கண்ட பயன் மெய்; கூறிய காரணந்தான் பிழை.

ஓய்வே மருந்து என்பதற்கு நந்திமலையில் பெருஞ்சான்று ஒன்று உண்டு. 1927-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகள் கதர்ப் பணிக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். இடையறாத உழைப்பால் இரத்த அழுத்தம் மிகுந்து அவர் உடல் தளர்ந்தது. முழு ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் கூறினர். ஏப்ரல் மாதத்தில் நந்திமலைக்கு வந்த அண்ணல், சுமார் ஆறு வாரம் தங்கி, உடல் தேறிப் பின்னர்ப் பெங்களூருக்கு இறங்கினார். இராஜாஜி அவர்கள் உடனிருந்து கவனித்துக்கொண்டார். 1936 மே மாதத்தில் அண்ணல் மீண்டும் இம்மலைக்கு வந்தபோது, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இருந்த சர் சி. வி. இராமன் உயிரியல் பேராசிரியர் ஒருவருடன் வந்து அவரைச் சந்தித்தார். உணவும் நீருமின்றிப் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, பின்னர் உயிர்த்தெழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர் அப்பேராசிரியர். உண்ணாநோன்பில் பழகிய அண்ணல் அச்செய்தியை எத்துணை ஆர்வத்தோடு கேட்டிருப்பார் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம். அவர் நினைவாகவும் நேருவின் நினைவாகவும் இங்கே காந்தி நிலயா, நேரு நிலயா என்னும் விருந்தினர் இல்லங்கள் வழங்குகின்றன.

ஆங்கிலேயர் காற்றைக் கண்டனர். அரசர் கோட்டையைக் கண்டனர். அடியார் இறைவனைக் கண்டனர். ஆயின் இம்மலையின் தலையாய கொடை வேறொன்று. அதுதான் நீர். மலைமேல் அமிர்த சரோவர் என்னும் படிக்கட்டுக் குளம் ஒன்று உண்டு. அதில் ஊற்று நீர் சுரக்கிறது. உச்சியில் பசுமை மாறாத ஒரு சிறு காடும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரிக் காட்டுப்புறா, அதனின்று நெடுந்தொலைவு விலகியுள்ள இக்காட்டிலும் வாழ்கிறது என்றால் இதன் குளுமையை என்னென்பது! மேகம் மரங்களின்மேல் படிந்து துளித்துளியாக வடிகிறது. மழை நீர் இலைச் சருகில் ஊறி, மண்ணில் இறங்கி, பாறை வெடிப்புகளில் தங்கி, மெல்ல மெல்லக் கசிகிறது. மொட்டைப் பாறையாயின் மழை ஒரு நாழிகையில் ஓடிப்போகும். காடு இருப்பதால் மாதக்கணக்கில் கசிகிறது. வெப்பம் ஒன்று நீங்கலாக, பாத் நகரின் ஊற்றும் இம்மலைச் சுனையும் ஒரே விதியால் பிறந்தவை: என்றோ பெய்த மழையைப் பாறை காத்து வைத்திருந்து கொடுக்கிறது.

அவ்வாறு கசியும் நீர் எங்கே செல்கிறது? நந்திமலைத் தொடர், கூரையின் முகட்டைப்போல் நாற்புறமும் நீரைப் பிரித்தனுப்புகிறது. வடக்கே செல்வது உத்தர பினாகினி. அது ஆந்திர நாட்டில் பெண்ணாறாகி நெல்லூருக்கு அப்பால் கடலை அடைகிறது. தெற்கே இறங்குவது அர்க்காவதி. அது கனகபுரத்துக்கு அப்பால் காவிரியில் கலக்கிறது. தென்கிழக்கே செல்வது தட்சிண பினாகினி. அது ஒசகோட்டையைக் கடந்து, ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டில் நுழைகிறது. அங்கே அதற்குப் பெயர் தென்பெண்ணை! கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் நிரப்பி, மலையமான் காரி ஆண்ட திருக்கோவலூரைத் தொட்டு, கடலூர் அருகே கடல் புகும் ஆறு அது. விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ பிழைப்பு நாடிப் பெங்களூருக்கு வந்த ஒருவர், தம் ஊர் ஆற்றின் தாய் வீட்டுக்கு அருகே வந்து குடியிருக்கிறார் என்பதே உண்மை. ஆறு கீழே போயிற்று. அவர் மேலே வந்தார்.

இனிச் சொல்ல வேண்டியது மகிழ்ச்சிக்குரியதன்று. 1894-இல் அர்க்காவதியின்மேல் ஹெசரகட்டா நீர்த்தேக்கம் அமைந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் தொடர்ந்தது. பல்லாண்டுகள் பெங்களூரின் தாகத்தைத் தீர்த்தவை அவை. 1974 முதல் காவிரி நீர் தொலைவிலிருந்து குழாய் வழியே நகருக்கு வரலாயிற்று. பழைய இரு தேக்கங்களும் நாளடைவில் நகருக்கு நீர் தரும் ஆற்றலை இழந்தன. ஆற்றுக்கு நீர் கொண்டுவரும் ஓடைகள் அடைபட்டன; ஏரிகள் தூர்ந்தன; ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. மலையைச் சூழ்ந்த குன்றுகளில் கல் உடைக்கும் ஓசை கேட்கலாயிற்று. 2021 ஆகஸ்டில் பெருமழையால் மண் சரிந்து மலைச் சாலையே துண்டிக்கப்பட்டது.

நகரம் வாங்கிய நீருக்கு ஈடாக எதைத் திருப்பித் தருகிறது? பெங்களூரின் கிழக்குப் பகுதிக் கழிவு நீர், பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தட்சிண பினாகினியில் சேர்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை மலைபோல் பொங்கிய காட்சியைச் செய்தித் தாள்களில் பலமுறை கண்டிருக்கிறோம். பெங்களூரில் வேலை செய்யும் நாம் மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். அறியாமலே நம் அழுக்கையும் அதே உறவினரின் வயலுக்கு அனுப்பிவிடுகிறோம். நீரைப் பங்கிடுவதில் இரு மாநிலங்களும் வழக்காடுவது ஒருபுறம் இருக்கட்டும். நீரைக் கெடுப்பதில் வழக்கே இல்லை. அதில் நம் வீட்டுக் குழாய்க்கும் பங்குண்டு. சுத்திகரித்த நகரக் கழிவு நீரைக் குழாய் வழியே அனுப்பிச் சிக்கபள்ளாபூர் ஏரிகளை நிரப்பும் திட்டமும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. ஆறுகளைப் பெற்றெடுத்த மலையின் அடிவாரம், நகரம் ஆடிக் கழித்த நீரை எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டது. அது உழவருக்கு ஓரளவு உதவியே. எனினும் நாம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பதற்கு அதனைவிட வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

ஆகையால், நேயர்களே, நந்திமலைக்குப் போக விரும்பினால் எப்படிப் போகலாம் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். விடுமுறை நாட்களில் சூரியோதயத்தைக் காண்பதற்கென்று நள்ளிரவிலேயே வண்டிகள் வரிசையாக நிற்கும். அன்று அமைதியைக் காண இயலாது. வார நாள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கெம்பேகவுடா பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு. நந்தி ஹால்ட் என்னும் பழைய சிறு இரயில் நிலையமும் அண்மையில் இருக்கிறது. முதலில் கோயில், பிறகு மலை. கால் வலுவுள்ளவர் பழைய படிக்கட்டு வழியே ஏறலாம். படிகள் ஆயிரத்துக்கு மேல். குளிருக்கு ஒரு சால்வை எடுத்துச் செல்லுங்கள். குரங்குகள் மிகுதி, உணவுப் பொட்டலத்தைக் கையில் காட்டாதீர்கள். பிளாஸ்டிக் பையோ தாளோ எதையும் மலையில் விட்டு வராதீர்கள். அங்கே போட்டது மழையில் இறங்கி ஆற்றைச் சேரும்.

பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். கோட்டைச் சுவரின் தென்கிழக்கு மூலையில் நிறுத்தி, தொலைவில் மங்கலாகத் தெரியும் சமவெளியைக் காட்டுங்கள். அத்திசையில்தான் பாட்டி வீட்டு ஆறு போகிறது என்று சொல்லுங்கள். கன்னட நாட்டில் பிறந்து, தமிழ் பேசி வளரும் அக்குழந்தைக்கு, தான் வாழும் மண்ணும் தன் முன்னோரின் மண்ணும் ஒரே நீரால் நனைந்தவை என்பது அப்போது விளங்கும்.

நலம் நாடி இம்மலைக்கு வந்தவர் பலர். அவர்கள் யாவரும் பெற்றுச் சென்றனர். மலைக்கு நலம் நாடுவோர் இனித்தான் ஏறி வரவேண்டும்.